கரையை வெட்ட யாரும் வரவில்லை

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட் வீரர்களாக இருப்பார்கள். எனக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. சின்னவள் பிறந்த பிறகும், இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நடக்காத போர்களையும் பார்த்துக்கொள்ள முடியும் என்று கொஞ்ச காலம் நம்பினேன். பிள்ளைகள் அந்த நம்பிக்கையைச் சுலபமாகத் தோற்கடித்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு விலகுகிறேன். என் நாற்காலிக்கு உங்களில் இரண்டு பேர் வரப்போவதாகச் சொன்னார்கள். ஒருத்தி செய்த வேலையை இரண்டு பேருக்குக் கொடுப்பது எனக்குப் பாராட்டா, புகாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் டீம் லீட் அருள் சார், போகும் முன் உங்களுக்குக் கொஞ்சம் வழிமுறைகள் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே உபயோகப்படாது போலிருந்தது. அழித்துவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

நம் மேசைக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது ‘நடக்குமா டெஸ்க்’. கணினிப் போர் விளையாட்டுக்குக் கதைக்களம் அமைக்கிறவர்கள், வரலாற்றில் ஒரே ஒரு இடத்தைத் திருப்பிப் போடலாம். தோற்றவன் ஜெயித்திருந்தால், போன கப்பல் திரும்பி வந்திருந்தால் என்று. அந்த ஒரு பொய்க்கு அனுமதி உண்டு. அதற்குப் பிறகு மழை மழையாகவும் மாடு மாடாகவும் இருக்க வேண்டும். பீரங்கி பறக்கக் கூடாது. அதைப் பார்த்து ‘நடக்கும்’ என்று கையெழுத்துப் போடுவது நம் வேலை. என் மாமியார் இதைப் பக்கத்து வீட்டில் விளக்கியதை ஒருமுறை ஜன்னல் வழியாகக் கேட்டேன். “நடக்காத சண்டையில தப்பு கண்டுபுடிக்கிறா. நடக்கிற சண்டைக்குத்தான் வீட்டுல நாங்க இருக்கோமே.”

சேர்ந்த புதிதில் மூத்தவள் கைக்குழந்தை. அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். அந்த மூளையோடு நான் பார்த்த முதல் களத்தில் மதுரையிலிருந்து ஒரு பெரும்படை கிளம்பி, நிற்காமல் வந்து, வந்த சூட்டோடு தஞ்சாவூர்க் கோட்டையைத் தாக்கியது. நான் கேட்டேன், “இவங்களுக்கெல்லாம் யாரு சாப்பாடு போடுறது?”

“மேடம், அவங்க சோல்ஜர்ஸ்” என்றார் வடிவமைத்தவர்.

“சோல்ஜர்ஸுக்குப் பசிக்காதா?”

அருள் சார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மாட்டுக்கும் பசிக்கும்ல?” என்றார். அரிசி வண்டிகளைச் சேர்த்தோம். வண்டி மாடுகளுக்கு வைக்கோல் சேர்த்தோம். படை மாட்டின் வேகத்துக்கு இறங்கியது. அது வந்து சேர்வதற்குள் கோட்டைக்காரர்கள் உடைந்த கதவைச் சரிசெய்துவிட்டார்கள். விளையாட்டு நன்றாக வந்தது. எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் வந்த பிறகு கேட்காமல் விட்ட கேள்வியைப் பற்றித்தான் மீதியெல்லாம்.

தாரிக்கை உங்களுக்கு அறிமுகம் செய்திருப்பார்கள். இது நடந்தபோது அவன் ஒப்பந்தத்தில் இருந்த பையன். நாகப்பட்டினத்துக்காரன். அவன் வாப்பாவுக்கு அங்கே கடைத்தெருவில் பாத்திரக்கடை. அண்ணன் ஷார்ஜாவில். அண்ணனை அவன் நானா என்பான். நானா தன் கிடங்கிலேயே தம்பிக்கு வேலை பேசி, விசாவுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தாரிக் வாப்பாவிடம் ஒரு தவணை வாங்கியிருந்தான். அவன் எழுதும் போர்க்களத்தை வெளியீட்டாளர்கள் எடுத்துக்கொண்டால் இங்கே வேலை நிரந்தரம். எடுத்துக்கொள்ளாவிட்டால் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட வேண்டும். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கீழே டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

வெளியீட்டாளர்கள் ஹாலந்துக்காரர்கள். தங்கள் பழைய கோட்டைகள் இருந்த ஊர்களை வைத்துக் களங்கள் கேட்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் அவர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது, அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். தாரிக் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டான். டச்சுக்காரர்கள் கோட்டையை இழக்கவில்லை. பெரும்படை சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர் மேல் வருகிறார்கள். விளையாடுகிறவர் தஞ்சாவூரின் தளபதி.

மாதம் கார்த்திகை என்று போட்டிருந்தான். நான் கேட்டேன், “புத்தியிருக்கிற எவனாவது கார்த்திகையில பீரங்கியை இழுத்துக்கிட்டு இங்க வருவானா? பங்குனியில வந்தா வயலெல்லாம் காய்ஞ்சு கெடக்கும். நேரா வரலாம்.”

“பங்குனியில இங்கிலீஷ்காரன் கப்பலும் வந்துருமேக்கா. வாடைக்காத்து அடிக்கிற வரைக்கும்தான் அவன் இந்தக் கரையில நிக்க மாட்டான். அதுக்குள்ள தஞ்சாவூரைப் புடிச்சாகணும்.”

மாதத்தை அப்படியே விட்டேன். இந்த வேலையில் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான், நாம் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் வருவது.

வயலெல்லாம் சம்பா. சேற்றில் பீரங்கி இறங்காது. படை முழுவதும் ஆற்றங்கரைப் பாதையில் ஒற்றை வரிசையாக வர வேண்டும். தாழ்வான ஓரிடத்தில் இரவு தங்க வேண்டும். அங்கே தாரிக் தன் சாமர்த்தியத்தை வைத்திருந்தான். தளபதி கட்டளையிட்டால் ஆற்றின் கரையை வெட்டிவிடலாம். தண்ணீர் முகாமை மூழ்கடிக்கும். தங்கள் சொந்த நாட்டில் எதிரியை நிறுத்த வயல்களில் தண்ணீரை விட்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் பாடத்தை அவர்களுக்கே படித்துக்காட்டுவது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

முதலில் அவன் வெட்டுகிற இடத்தைக் கல்லணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். “அங்க வெட்டினா உங்க ஊருப் பக்கம் தண்ணி என்னைக்குப் போய்ச் சேரும்?” என்றேன். “எங்க ஊருக்குத் தண்ணி சொன்ன நாள்ல வந்ததா சரித்திரமே இல்லக்கா” என்று சிரித்துக்கொண்டே, முகாமுக்குச் சற்று மேலே ஓர் ஆற்று வளைவுக்கு மாற்றினான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஆறு நிறைய ஓடும். கரையை அறுத்தால் தண்ணீர் நிச்சயம் பாயும். ‘நடக்கும்’ என்று கையெழுத்துப் போட்டேன்.

சோதனை விளையாட்டுக்கு வழக்கம்போல் நம் தஞ்சாவூர்ப் பகுதி ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாள் முழுவதும் விளையாடினார்கள். தஞ்சாவூர் விழுந்தது. மறுபடி விழுந்தது. எல்லோர் கணினியிலும் விழுந்தது. மாலையில் அருள் சார் முகம் வெளிறி வந்து நின்றார்.

“கரையை வெட்டுற பட்டன் வேலை செய்யல போலிருக்கு. ஒருத்தர்கூட அமுக்கல.”

தாரிக் ஓடிப்போய்ப் பார்த்தான். பட்டன் நன்றாக வேலை செய்தது. அதை எப்படி அமுக்குவது என்பதுகூட ஆரம்பத்திலேயே கொட்டை எழுத்தில் வந்தது. எல்லோரும் படித்திருந்தார்கள்.

“ஏன் அமுக்கல?” என்று அருள் சார் பொதுவாகக் கேட்டார்.

பூதலூர்ப் பக்கத்துச் செல்விதான் வாயைத் திறந்தாள். வீட்டில் குத்தகை நிலம், படிப்பு பி.காம். “சார், கார்த்திகைக் கடைசின்னு போட்டிருக்கு. கதிர் வர்ற நேரம். அந்த நேரத்துல யாராச்சும் கரையை வெட்டுவாங்களா?”

“இது கேம்மா.”

“தெரியும் சார். பச்சையா வயலை வரைஞ்சு வச்சிருக்கீங்களே. பாத்துக்கிட்டே எப்படி?”

“வெட்டலேன்னா தஞ்சாவூர் போயிடுமே!”

“தஞ்சாவூர்தானே சார் போவுது. ராசா மாறினா நிலவரிக் கிஸ்தி கட்டுற ஆபீசு மாறும். பயிர் போச்சுன்னா கிஸ்தியை எதை வச்சுக் கட்டுறது?”

வேதாரண்யத்திலிருந்து வந்த ராஜ்குமார் பின்னாலிருந்து சொன்னான், “வெட்டுறவங்க வெட்டிட்டுப் போயிடுவாங்க சார். வடியறது எங்க பக்கமாத்தான் வடியணும். தண்ணி வேணுங்கறப்ப எங்க பேரு ஞாபகம் வராது. வெள்ளம்னா மட்டும் முதல்ல எங்க அட்ரஸ்தான்.”

“நீ என்ன செஞ்சே அப்போ?”

“புயல் வரும்னு காத்திருந்தேன் சார். எங்க ஊர்ல கார்த்திகையில எப்படியும் ஒண்ணு வரும். உங்க கேம்ல வரல.”

எல்லோரும் சிரித்தார்கள். தாரிக் சிரிக்கவில்லை.

அருள் சார் சாமர்த்தியசாலி. அடுத்த வாரமே சென்னையில் ஆட்களைப் பிடித்துச் சோதித்தார். அவர்கள் கரைப் பட்டனைப் பார்த்த மாத்திரத்தில் அமுக்கினார்கள். டச்சுப்படை மொத்தமும் மூழ்கியது. தஞ்சாவூர் டீ குடிக்கிற நேரத்தில் ஜெயித்தது. இப்போது களம் அளவுக்கு மீறிச் சுலபம். ஒரு பக்கம் ஜெயிக்கவே முடியாத விளையாட்டு, இன்னொரு பக்கம் தோற்கவே முடியாத விளையாட்டு. இரண்டு முடிவுகளும் ஹாலந்துக்குப் போயின. அங்கிருந்து, இதைக் கைவிடலாம் என்று நினைக்கிறோம், கடைசியாக ஒருமுறை பேசிவிடுவோம் என்று பதில் வந்தது.

அருள் சார் ஒரு வழி வைத்திருந்தார். தஞ்சாவூர்ச் சோதனைக்கு வந்தவர்கள் போர் விளையாட்டுக்குப் பழக்கமில்லாதவர்கள், அவர்கள் முடிவைத் தள்ளிவிடலாம் என்று நான் ஒரு வரி சொல்ல வேண்டும். வெட்டியதும் தண்ணீர் பாயும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சென்னை முடிவும் சரியாகிவிடும். களம் தேறிவிடும்.

தாரிக் என்னைக் கீழே டீக்கடைக்குக் கூப்பிட்டான். “அக்கா, தண்ணி பாயும்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“பாயும். அதுல சந்தேகமில்ல.”

“அதுலயே நில்லுங்க. அது போதும் எனக்கு. வாப்பாகிட்ட வாங்கின தவணை வெள்ளிக்கிழமையோட முடியுது, பாஸ்போர்ட் அனுப்பணும்.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதிலேயே நிற்கத்தான் பார்த்தேன். நின்ற இடம் நழுவியது. தண்ணீர் பாயுமா என்று கேட்டிருந்தேன். மண் எவ்வளவு நேரத்தில் அரிக்கும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று எல்லாம் கேட்டிருந்தேன். வெட்டு என்றால் யார் மண்வெட்டியைத் தூக்குவார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. தளபதி குதிரைமேல் இருப்பார். கரை, அதன் கீழே வயல் வைத்திருக்கிறவர்களின் ஊரில் இருக்கும். படைக்குப் பசிக்கும் என்று கண்டுபிடித்தவளுக்கு, மனிதர்கள் மாட்டேன் என்று சொல்வார்கள் என்பது தோன்றாமல் போயிற்று. அந்தப் பன்னிரண்டு பேரும் விளையாடத் தெரியாதவர்கள் இல்லை. களத்திலேயே இல்லாதிருந்த ஊர்க்காரர்களின் வேலையை அவர்கள் செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இதைச் சொன்னால் களம் திரும்பி வரும். திருத்தவும் மறுபடி பார்க்கவும் மாதங்கள் ஆகும். வெள்ளிக்கிழமை அதற்கெல்லாம் காத்திருக்காது. சொல்லாமல் விட்டால், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நிஜத்தில் யாரும் மூழ்கப் போவதில்லை. ஒரு பையன் ஊரிலேயே இருப்பான். இதைவிடச் சாதுவான பொய் கிடைப்பது கஷ்டம். சொல்வது என்று முடிவு செய்தேன், பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படி எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

பேச்சு மறுநாள் பிற்பகல். மூத்தவளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், அதனால் வீட்டிலிருந்தே பேசினேன். மடியில் அவள், அவள் அக்குளில் தெர்மாமீட்டர், திரையில் ஹாலந்து அம்மையார் ஒருவர், ஓரத்தில் அருள் சார், அவருக்குக் கீழே சின்னக் கட்டத்தில் தாரிக். அருள் சார் முன்னுரை சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். தெர்மாமீட்டர் கூவியது. அதைப் பார்த்துக்கொண்டே, யோசித்து வைத்திருந்த இரண்டு பேச்சில் எது என்று தேர்ந்தெடுக்கும் முன்பே, வாயிலிருந்து வந்துவிட்டது.

“இந்தக் களத்தில் முழுக்க நம்பும்படி இருப்பது அந்தப் பன்னிரண்டு பேர் மட்டும்தான்” என்றேன்.

அருள் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. கரையை வெட்டுவது ஒரு பட்டனாக இருக்கக் கூடாது, ஊர்களுக்குப் போகும் கட்டளையாக இருக்க வேண்டும் என்றேன். ஒவ்வோர் ஊரும் பதில் சொல்லும். சில ஊர் மறுக்கும். சில ஊர் கிஸ்தியைத் தள்ளுபடி செய்தால் வெட்டுகிறோம் என்று பேரம் பேசும். சில ஊர் சரி என்று சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வெட்டியதை அடைத்துவிடும். தளபதி பாதி நேரம் எதிரியோடு சண்டை போடட்டும், மீதி நேரம் தன் ஜனங்களோடு பேசட்டும். இவ்வளவையும் சொல்லும்போது குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதனால் என் ஆங்கிலத்தில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்காது என்றே நினைத்தேன்.

 அந்த அம்மையார் சிரித்தார். அவர்கள் நாட்டிலும் ராணுவம் வயலில் தண்ணீரை விட வந்தபோது விவசாயிகள் தகராறு செய்தார்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்போது என்று சொல்லவில்லை.

உடனே தாரிக் போன் செய்தான்.

“அக்கா, ஒரு வரி. ஒரே ஒரு வரிதானே கேட்டேன்.”

“தெரியும்பா.”

“உங்களுக்கு மனசாட்சி. எனக்கு ஷார்ஜா. நல்லாத்தான் பங்கு போட்டிருக்கீங்க.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “பாப்பாவுக்குக் காய்ச்சல் எவ்வளவு?” என்று கேட்டான். சொன்னேன். “டாக்டர்கிட்ட போங்க முதல்ல” என்று வைத்துவிட்டான். கோபமாகப் பேசி முடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை தாரிக் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான்.

“பதில் வந்துடுச்சா?” என்றேன்.

“இல்ல.”

“பாஸ்போர்ட்?”

“அனுப்பல. நானா போனை எடுக்க மாட்டேங்குறாரு. வாப்பா வீட்டுல என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசுறாரு.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான், “ஊருங்க பதில் சொல்லும்னு நீங்க சொன்னீங்கள்ல, அன்னைக்கு ராத்திரி பூரா அதுங்க என் காதுல பேசிக்கிட்டே இருந்துச்சு. எழுதாம எப்படிப் போறது?”

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசை. பயம்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில், அவன் சாப்பிட்டானா என்று அவன் அம்மாவைவிட அதிகமாக நான்தான் விசாரித்திருப்பேன்.

பதில் வந்தபோது சின்னதாகத்தான் வந்தது. எடுத்துக்கொள்கிறோம், ஊர்களை அந்தப் பையனே எழுத வேண்டும் என்று. தாரிக் நிரந்தரமானான். மாதக்கணக்காக ஊர்கள் சொல்லும் மறுப்புகளை எழுதினான். மண்வெட்டியை இரவல் கொடுத்திருக்கிறோம். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அக்கரைக்காரர்கள் முதலில் வெட்டட்டும். எழுத்தில் கொண்டுவாருங்கள், பார்க்கலாம். ஒரு நாள் வாப்பாவிடம் தன் வேலையை விளக்கியிருக்கிறான். “இல்லேன்னு சொல்றதுக்கு மாசச் சம்பளமா? கடையில நாள் பூரா நான் சும்மாதானேடா சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றாராம். வீட்டில் பேச்சு திரும்பியது அப்படித்தான்.

ஆகவே, ஒரு கட்டளையை மதிப்பிடும்போது அதைக் கேட்கப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். இந்த அளவில் நிறுத்தினால் அருள் சார் இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுவார். உண்மை பேசினாள், பையனுக்கு நல்லது நடந்தது என்று நீங்களும் படித்துவிட்டுப் போவீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாஸ்போர்ட்டை அவன் அனுப்பாமல் விட்டபோது பதில் வந்திருக்கவில்லை. அந்த அம்மையார் அன்றைக்கு வேறு மனநிலையில் இருந்திருக்கலாம். தாரிக் இன்றைக்கு ஷார்ஜா போகவும் முடியாமல் இங்கே வேலையும் இல்லாமல் பாத்திரக்கடையில் விலை சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் அந்தக் கடைத்தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போகிறவளாக இருக்கலாம்.

நடந்ததையும் நடக்காமல் போன இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை மறைத்து, என் மேசைக்கு அனுப்பினால், இரண்டுக்கும் ‘நடக்கும்’ என்று கையெழுத்துப் போடுவேன். எது அதிகம் நம்பும்படி இருக்கிறது என்று கேட்டால், இரண்டாவதைத்தான் காட்டுவேன்.